ஹாஸ்டல் வாழ்க்கை: ஜூன் மாசம் எல்லா டிரங்குப் பெட்டியும் திரும்பி வரணும்!

பாப்பாரப்பட்டின்னு சொன்னதும் உங்களுக்கு யார் ஞாபகம் வருவாங்க? வரலாறு படிச்சவங்க சுப்பிரமணிய சிவான்னு சட்டுனு சொல்லிடுவாங்க. விடுதலைப் போராட்ட வீரர் சிவா, பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பணும்னு கனவு கண்ட ஊர் இது. 1925 ஜூலை 23 அன்று அவர் கண்மூடியதும் இங்கேதான்.

தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் இருக்கும் இந்த மாதிரி ஊர்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு இதுதான் சந்தை, இதுதான் பஸ் ஸ்டாண்டு, இதுதான் பள்ளிக்கூடம். சொந்த ஊரில் 5-ஆம் வகுப்போ 8-ஆம் வகுப்போ முடிந்ததும், ‘மேலே படிக்கணும்னா எங்கே தங்குறது?’ என்ற கேள்வி வரும். பையன் என்றால் சைக்கிளோ பஸ்ஸோ பிடித்துப் போய் வந்துவிடுவான். பெண் பிள்ளை என்றால் வீட்டில் பேச்சே வேறு மாதிரி ஆரம்பிக்கும்.

அந்தப் பேச்சுக்குப் பதில்தான் மாணவியர் விடுதி. நீங்களோ, உங்கள் தங்கையோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ இந்த வருஷம் ஹாஸ்டலில் சேரப் போகிறீர்கள் என்றால், இதைப் படித்துவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

ஏன் ஹாஸ்டல்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு விகிதம் சுமார் 80 சதவிகிதம். தர்மபுரிக்குச் சுமார் 68.5 சதவிகிதம். மாநிலத்திலேயே கடைசி இடம். பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 60 சதவிகிதம்தான்.

இதற்கு யாருக்கும் மூளை குறைவு என்று அர்த்தம் இல்லை. தூரம் ஒரு காரணம். இதே பென்னாகரம் பக்கத்தில் கோட்டூர் என்ற மலைக்கிராமத்துக்குத் தேர்தல் நேரத்தில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு போனதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட இடத்திலிருந்து ஒரு பொண்ணு தினமும் இறங்கி ஏறி 10-ஆம் வகுப்பு படிப்பது நடக்கிற காரியமா? வேலை இன்னொரு காரணம். பெங்களூரு, திருப்பூர் என்று அம்மா அப்பா பிழைப்புக்குப் போய்விட்டால், வீட்டையும் தம்பி தங்கையையும் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் வேலையாகிவிடும்.

இடம் கிடைத்தால் பெண்கள் படித்துவிடுவார்கள் என்பதை 100 வருஷத்துக்கு முன்பே ஒருவர் செய்து காட்டினார். 11 வயதில் கணவரை இழந்த சகோதரி சுப்புலட்சுமி, 1911-ல் சென்னை மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அடுத்த வருஷமே தன்னைப் போன்ற இளம் விதவைகள் சிலரைத் தன் வீட்டில் தங்கவைத்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார். பிறகு அந்த விடுதி மெரினா கடற்கரையின் ஐஸ் ஹவுஸுக்கு இடம் மாறியது. இன்று விவேகானந்தர் இல்லம் என்று நீங்கள் பார்க்கும் அதே கட்டடம்தான். வீட்டு மூலையில் முடங்கிப் போயிருக்க வேண்டிய பெண்கள் அங்கிருந்து டீச்சர்களாக வெளியே வந்தார்கள்.

எங்கே சேரலாம்? யார் சேரலாம்?

ஆதிதிராவிடர் நலத்துறை, பழங்குடியினர் நலத்துறை, பிற்படுத்தப்பட்டோர் மற்றும் மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை, சிறுபான்மையினர் நலத்துறை என்று பல துறைகள் விடுதிகளை நடத்துகின்றன. 2025 ஜூலை முதல் இவற்றுக்கு ‘சமூகநீதி விடுதிகள்’ என்று ஒரே பெயர். தங்குமிடம், சாப்பாடு இரண்டும் இலவசம்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளின் விதிகளில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

* பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.2.5 லட்சத்தைத் தாண்டக் கூடாது.
* வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கி.மீ.க்கு மேல் தூரம் இருக்க வேண்டும். ஆனால், இந்த தூரக் கணக்கு மாணவிகளுக்குக் கிடையாது. ‘பக்கத்து ஊர்தானே, இடம் தர மாட்டாங்க’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.
* விண்ணப்பம் இலவசம். விடுதிக் காப்பாளினியிடமோ, மாவட்ட நல அலுவலகத்திலோ வாங்கலாம்.
* சாதிச் சான்று, வருமானச் சான்று இரண்டையும் சேரும்போது கொடுத்தால் போதும். சான்று இன்னும் கைக்கு வரவில்லை என்று விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள்.
* முகாம்களில் வாழும் இலங்கைத் தமிழர் குழந்தைகளுக்கு ஒவ்வொரு விடுதியிலும் 5 இடங்கள் உண்டு.

நடுவில் படிப்பு நின்றுபோன பெண் யாராவது உங்களுக்குத் தெரியுமா? அவருக்காகவே இருப்பவை ‘கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயா’ உண்டு உறைவிடப் பள்ளிகள். 2004-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. பெண் கல்வியில் பின்தங்கிய ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து இந்தப் பள்ளிகளை நடத்துகிறார்கள்.

தனியார் விடுதி என்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: “லைசென்ஸ் இருக்கா?” 2014-ல் வந்த தமிழ்நாடு சட்டப்படி, பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் கட்டாயம்.

முதல் மாசம் அழுகை வரும். பரவாயில்லை!

முதல் வாரம் எல்லோருக்கும் அழுகை வரும். சிலருக்குச் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் வரும், சிலருக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்ததும் வரும். ‘நமக்கு செட் ஆகாதுப்பா’ என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே முடிவு கட்டிவிடாதீர்கள். ஒரு மாசம் டைம் கொடுங்கள்.

அதுவரை 3 விஷயங்கள் செய்யலாம். ஒன்று, பக்கத்தில் பாய் விரிக்கும் பெண்ணின் ஊர்ப் பெயரைக் கேளுங்கள். தர்மபுரி மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களும் நிறைய. அவள் பேசும் தமிழ் உங்களுக்கும், நீங்கள் பேசுவது அவளுக்கும் வேடிக்கையாக இருக்கும். கேலியாகப் போகாமல் கதையாகப் போனால் அதுதான் முதல் நட்பு.

இரண்டு, ஒரு அக்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இரண்டு வகுப்பு மேலே படிக்கும் அக்காவுக்குத் தண்ணீர் எப்போது வரும், எந்த சார் எப்படிக் கேள்வி கேட்பார், வார்டனிடம் எந்த நேரத்தில் பேசலாம் என்று எல்லாம் தெரிந்திருக்கும்.

மூன்று, வீட்டுக்கு போன் பேசும்போது அழுகையை மட்டும் சொல்லாமல், அன்றைக்கு நடந்த ஒரு நல்ல விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த பஸ்ஸில் அப்பா வந்து நிற்பார்.

சாயங்காலம் 5 டு 9: இதுதான் உங்க டியூஷன்

வீட்டில் இருக்கும் பெண்ணுக்குச் சாயங்காலம் என்றால் தண்ணீர் எடுப்பது, ஆட்டைக் கட்டுவது, அடுப்பைப் பற்றவைப்பது. ஹாஸ்டலில் அந்த நேரம் முழுக்க உங்களுக்கே. விடுதி தரும் பெரிய வசதி இதுதான். அதை எப்படிப் பயன்படுத்துவது?

ஸ்டடி ஹவரில் எல்லோரும் சத்தம் போட்டுப் படித்தால் எதுவும் மண்டையில் ஏறாது. அதற்குப் பதில் 4 பேர் கொண்ட குழுவாக உட்காருங்கள். முதல் ஒரு மணி நேரம் அவரவர் அமைதியாகப் படிக்க வேண்டும். அடுத்த அரை மணி நேரம் புத்தகத்தை மூடிவிட்டு, ஒருவர் கேட்க மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். கணக்கு வரும் பெண் கணக்கைச் சொல்லித்தரட்டும், இங்கிலீஷ் வரும் பெண் கிராமரைச் சொல்லித்தரட்டும். சொல்லித்தரும் பெண்ணுக்கும் நேரம் வீணாகாது, அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் நமக்கே எது புரியவில்லை என்று தெரியும்.

இதற்கு ஆராய்ச்சி ஆதாரமும் உண்டு. ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் 5 நிமிஷம் கழித்து வைத்த டெஸ்ட்டில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த டெஸ்ட்டில் முந்தியது, படித்ததைப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பார்த்தவர்கள். பொதுத்தேர்வுக்கு எது தேவை என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ராத்திரி 1 மணி வரை கண் விழிப்பதைப் பெருமையாகப் பேசாதீர்கள். 13 முதல் 18 வயதில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ‘லைட் ஆஃப்’ என்று வார்டன் குரல் கொடுப்பது உங்கள் மார்க்குக்கும் நல்லதுதான்.

10, 12-ஆம் வகுப்பு மாணவிகளுக்குப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் சிறப்பு வழிகாட்டி நூல்களும் தருகிறார்கள். வந்துவிட்டதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஒண்ணா இருக்கறதுன்னா சும்மாவா?

ஒரே குழாய், ஒரே பாத்ரூம், நீளமான க்யூ. சண்டை வரத்தான் செய்யும். யார் எப்போது குளிப்பது என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். காணாமல் போகும் சோப்புக்கும் பேனாவுக்கும் ஒரே வழி, பெயர் எழுதி வைப்பது. அடுத்தவள் பெட்டியைக் கேட்காமல் திறக்காதீர்கள். கூட்டத்துக்கு நடுவே அவளுக்கென்று இருக்கும் ஒரே தனி இடம் அதுதான்.

சாப்பாட்டில் கீரையை ஒதுக்காதீர்கள். தேசிய குடும்பநல ஆய்வு 5-ன்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் சுமார் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. படிக்க உட்கார்ந்தாலே களைப்பாக இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள், ரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைவாகக்கூட இருக்கலாம். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கிப் போடாமல், சாப்பிட்ட பிறகு போட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்த 6-ஆம் வகுப்புப் பெண்ணுக்கு முதல் மாதவிடாய் ஹாஸ்டலிலேயே வரலாம். அம்மா பக்கத்தில் இல்லாத அந்த ராத்திரி, அவளுக்கு அம்மா நீங்கள்தான். நாப்கின் எங்கே இருக்கிறது, யாரிடம் கேட்பது, வயிறு வலித்தால் என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சொல்ல முடியாததுன்னு எதுவும் இல்ல

சாப்பாடு சரியில்லை, கழிவறையில் தண்ணீர் இல்லை, யாரோ மிரட்டுகிறார்கள், யாரோ தப்பாகத் தொடுகிறார்கள்... எதுவாக இருந்தாலும் முதலில் காப்பாளினியிடமோ, நம்பிக்கையான டீச்சரிடமோ சொல்லுங்கள். அரசுப் பள்ளியில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது, எழுதிப் போடலாம். அங்கேயும் கதவு திறக்கவில்லையென்றால்:

* 1098: குழந்தைகள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம்.
* 181: பெண்கள் உதவி எண்.
* 14417: பள்ளிக்கல்வித் துறை உதவி மையம்.

18 வயதுக்குட்பட்டவருக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைப்பது போக்சோ சட்டப்படி குற்றம். ‘வெளியே தெரிஞ்சா ஹாஸ்டல் பேர் கெட்டுடும்’ என்று யார் சொன்னாலும் அடங்கிப் போகாதீர்கள்.

ஏப்ரல் மாசம்தான் ஜாக்கிரதை

விடுதி வாழ்க்கையின் கஷ்டமான மாசம் எது? ஜூன் என்று நினைப்பீர்கள். உண்மையில் ஏப்ரல்தான்! முழு ஆண்டுத் தேர்வு முடிந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் சிரித்தபடி ஊருக்குப் போவார்கள். “போதும் படிச்சது”, “மாப்பிள்ளை வந்திருக்காங்க”, “மில்லுல ஆள் எடுக்கறாங்களாம்” என்ற பேச்செல்லாம் அந்த லீவில்தான் வரும். படிப்பில் பின்தங்கியவளுக்கு மட்டும் அல்ல, நன்றாகப் படிப்பவளுக்கும் வரும்.

அதனால் ஊருக்குக் கிளம்பும் முன் 4 பேர் குழு ஒரு வேலை செய்யுங்கள். ஒவ்வொருவர் வீட்டு போன் நம்பரையும் எழுதிக்கொள்ளுங்கள். மே மாசம் வாரம் ஒரு முறை பேசுங்கள். ஒருத்தி போனை எடுக்கவில்லை, குரல் சரியில்லை, கல்யாணப் பேச்சு காதில் விழுகிறது என்றால் உடனே காப்பாளினிக்கோ டீச்சருக்கோ சொல்லுங்கள். 18 வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இதற்கும் 1098-ஐக் கூப்பிடலாம். கூப்பிடும் நீங்கள் சின்னப் பொண்ணாக இருந்தாலும் கேட்பார்கள்.

வீட்டில் பேசக் கையில் ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண், கல்லூரி, பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. என்று எதில் சேர்ந்தாலும், படிப்பு முடியும் வரை மாசம் ரூ.1,000 அவள் வங்கிக் கணக்குக்கே வரும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய ‘புதுமைப் பெண்’ திட்டம் இது. மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவிகித உள் இடஒதுக்கீடும் உண்டு. கல்லூரி போனாலும் தங்க அரசு விடுதி இருக்கிறது. “செலவு யார் பண்றது?” என்று அப்பா கேட்டால், இதையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள்.

ரிசல்ட் அன்று எத்தனை பேர் 400-க்கு மேல் என்று கேட்பார்கள், கேட்கட்டும். உங்கள் ரூமுக்கு நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டிய டெஸ்ட் வேறு. ஸ்கூல் திறந்த அன்று சாயங்காலம், சுவரோரம் இருக்கும் பெட்டிகளை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால், அது யாருடையது என்று கேளுங்கள். அன்று ராத்திரியே போன் பண்ணுங்கள்.