ஒரு கல் உப்பு

மகளுக்கு ஆறு மாதம் முடிந்து முதல் சோறு ஊட்டிய அன்று காத்திவாக்கம் வீட்டில் ஒரு சின்ன சண்டை. "ஒரு கல்லு உப்பு கூட போடாம ஊட்டுனா புள்ள எப்படிப்பா முழுங்கும்?" என்றார் ஆயா. எண்ணூர் கழிமுகத்து உப்பளங்களைப் பார்த்தே வளர்ந்தவர். டாக்டரோ ஒரு வயது வரை உப்பு வேண்டாம் என்று சொல்லியிருந்தார். இது யாருக்கு, எப்போது தெரிந்தது என்று தேடப்போய் 1962-ல் போய் நின்றேன்.

அந்த வருடம் மார்ச் மாதம். நியூயார்க் மாநிலத்தின் பிங்காம்டன் நகர மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பால் கலக்கும் இடத்தில் சர்க்கரைக்குப் பதில் உப்பு போய்விட்டது. ஆறு குழந்தைகள் இறந்துபோயின. பெரியவராக இருந்தால் முதல் வாயிலேயே துப்பியிருப்பார். மீறி உள்ளே போனாலும் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்திருப்பார். பச்சைக் குழந்தைக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாது. அழுதால் மறுபடியும் பால்தான் வரும்.

இரண்டாவது காரணம் சிறுநீரகம். பிறந்த சில நாட்களில் அது நிமிடத்துக்கு 20 மில்லி அளவுக்குத்தான் வடிகட்டும். பெரியவர்களுக்கு 120 பக்கம். இது உடல் அளவு வித்தியாசத்தைக் கழித்துவிட்டுப் போட்ட கணக்கு. ஒன்றிரண்டு வயதில்தான் அந்த இடத்தைப் பிடிக்கிறது. ஆனால் நிறைமாதக் குழந்தை சோடியத்தைப் பிடித்துவைப்பதில் கெட்டி, வளர்கிற உடம்புக்கு அது வேண்டும். வேண்டாததை வெளியே தள்ளத்தான் இன்னும் பழகவில்லை. குறைமாதக் குழந்தைக்குப் பிடித்துவைக்கவும் வராது, சிறுநீரில் ஒழுகவிட்டுவிடும்.

ஏன் என்பதற்கான துப்பு ஒரு நண்டிலிருந்து கிடைத்தது. 1957-ல் டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, நண்டுக் காலின் நரம்பில் சோடியத்தை வெளியே இறைக்கும் பம்ப்பைக் கண்டுபிடித்தார். (நம்மூரில் அது குழம்புக்குப் போயிருக்கும்.) அதற்கு 1997-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஸ்டாக்ஹோமில் அனிதா அபேரியாவின் குழு, எலிக்குட்டிகளின் சிறுநீரகத்தில் இதே பம்ப் பிறந்த பிறகுதான் படிப்படியாகப் பெருகுகிறது என்று காட்டியது.

தாய்ப்பாலில் லிட்டருக்கு 7 மில்லிமோல் அளவுக்குச் சோடியம்; பசும்பாலில் அதைப்போல மூன்று மடங்கு. அன்றைய பால் பவுடர்களும் பசும்பால் பக்கம்தான். அம்மாக்கள் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டால் முடிந்தது கதை. 1974-ல் பிரிட்டிஷ் அரசின் அறிக்கை ஒன்று இதைக் கண்டித்த பிறகுதான் அங்கே உப்பு குறைந்த பவுடர்கள் வந்தன. இதை ஆயாவிடம் சொன்னபோது, "மாட்டுப்பால் சூடு, தண்ணி ஊத்தித்தானே நாங்க குடுப்போம்" என்றார். சத்தும் சேர்ந்து குறையும்தான். ஆனாலும் பாதி விஷயம் அவர் கைக்குத் தெரிந்திருக்கிறது.

போன வருடம் ஆயாவையே 'சோடியம் கம்மி' என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பிரஷருக்கான நீர் மாத்திரை ஒரு பக்கம், பயந்து உப்பை அறவே விட்டது இன்னொரு பக்கம். 1976-ல் எப்ஸ்டீனும் ஹாலன்பெர்க்கும் ஆரோக்கியமானவர்களுக்கு உப்பைக் குறைத்துக் கொடுத்து, சிறுநீரில் சோடியம் பாதியாக இறங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். முப்பதுக்குக் கீழே 17.6 மணி நேரம். அறுபதுக்கு மேலே 30.9. உப்பு வரவில்லை என்று முதிய சிறுநீரகம் புரிந்துகொள்வதற்குள் ஒரு நாளுக்கு மேல் போய்விடுகிறது. அதுவரை இருப்பதையும் இறைத்துக்கொண்டிருக்கும்.

இப்போது ஒரே அடுப்பில் மூன்று பாத்திரம். மகளுக்கு உப்பில்லாத பருப்புச் சோறு, ஆயாவுக்கு டாக்டர் சொன்ன அளவு, எங்களுக்கு மீன் குழம்பு. மகள் துப்பாமல் முழுங்குகிறாள். ஆயாதான் என் தட்டைப் பார்க்கிறார்.