குறும்பு நிரலுக்கு எத்தனை மொழி தெரியும்?

வங்கிச் செயலியைப் பத்து மொழியில் கொண்டுவர யாராவது காசு கொடுப்பார்கள். குறும்புக்காக எழுதிய நிரலைப் பல மொழியில் கொண்டுவர யாரும் கொடுக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த வேலையும் நடந்திருக்கிறது. லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்குத் தெரிந்த மூன்று குறும்புகளை எடுத்துக்கொள்வோம். மூன்றுக்கும் மொழிச் சிக்கல் வெவ்வேறு இடத்தில் வருகிறது.

முதலாவது எஸ்எல். கோப்புகளைப் பட்டியலிட 'எல்எஸ்' என்று அடிப்போம். அவசரத்தில் விரல் மாறினால் 'எஸ்எல்' ஆகிவிடும். 1993ல் ஜப்பானைச் சேர்ந்த டொயோடா மசாஷி இந்தத் தட்டச்சுப் பிழைக்கு ஒரு செல்லத் தண்டனை எழுதினார். வெறும் எழுத்துகளாலும் கோடுகளாலும் வரைந்த ஒரு நீராவி ரயில், திரையின் வலப்பக்கத்திலிருந்து புகைவிட்டபடி இடப்பக்கம் போகும். கன்ட்ரோல்-சி அடித்தாலும் நிற்காது. லெவல் கிராஸிங்கில் மாட்டிக்கிட்ட மாதிரி, ரயில் போய் முடிகிற வரை காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் வார்த்தையே இல்லை, அப்போ மொழிபெயர்க்க என்ன இருக்கு என்று தோன்றும். ஆனால் குறும்பின் பாதி ஜப்பானிய மொழியில்தான் இருக்கிறது. ஜப்பானில் நீராவி இஞ்சினை மக்கள் சாதாரணப் பேச்சிலேயே 'எஸ்எல்' என்பார்கள். 'ஸ்டீம் லோகோமோட்டிவ்' என்ற ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள்தான், ஆனால் அந்தச் சுருக்கம் ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் அப்படிப் புழங்குவதில்லை. திரையில் ஓடும் இஞ்சின்கூட 1936 முதல் ஆயிரத்துக்கும் மேல் தயாரான டி51 என்ற ஜப்பானிய வகை. ஜப்பானியருக்கு அது சிலேடை. மற்றவர்களுக்குத் திடீரென்று வந்த ஒரு ரயில். நிரல் உலகம் முழுக்கப் போனது, சிலேடை ஊரிலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது குறும்பு டெபியனில் மென்பொருள் நிறுவப் பயன்படும் ஆப்டிட்யூட். இதன் அண்ணனான ஆப்ட்-கெட்டிடம் 'மூ' என்று கட்டளை கொடுத்தால் ஒரு பசு வந்து, இன்றைக்கு மூ சொன்னாயா என்று கேட்கும். அதையே ஆப்டிட்யூடிடம் கேட்டால், இந்த நிரலில் ஈஸ்டர் முட்டை எதுவும் இல்லை என்று மறுக்கும். (நிரலுக்குள் ஒளித்துவைத்த விளையாட்டுக்கு ஈஸ்டர் முட்டை என்று பெயர்.) கட்டளையோடு 'வி' என்ற எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டினால் பதில் மாறிக்கொண்டே போகும். உண்மையாகவே இல்லை என்னும், ஏற்கனவே சொன்னேனே என்னும், நிறுத்து என்னும், கடைசியில் தோல்வியை ஒப்புக்கொண்டு ஒரு படம் காட்டும். யானையை விழுங்கிய பாம்பு! செந்த்-எக்சுபெரி 1943ல் வெளியிட்ட 'குட்டி இளவரசன்' கதையில், பெரியவர்கள் தொப்பி என்று நினைக்கும் அதே படம்.

இந்த வரிகள் எல்லாம் மொழிபெயர்ப்புக் கோப்பில், பிழைச் செய்திகளோடு சேர்ந்தே கிடக்கின்றன. ஒரு மூல வரி, அதற்குக் கீழே உங்கள் மொழிக்கான இடம். காலியாக விட்டால் ஆங்கில வரியே திரையில் வரும். ஆங்கிலத்தில் 'யூ' என்று ஒரே சொல்லில் கடந்துவிடலாம். தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் கேள்வியே நீயா, நீங்களா? வழக்கமான கணினித் தமிழில் "ஏற்கனவே தெரிவிக்கப்பட்டது" என்று எழுதினால் தாலுகா ஆபீஸ் நோட்டீஸ் மாதிரி இருக்கும், யாரும் சிரிக்க மாட்டார்கள். "அதான் அப்பவே சொன்னேன்ல?" என்று எழுதினால்தான் எரிச்சல் ஏறுவது தெரியும். ஆனால் பேச்சுத்தமிழுக்குக் கணினிக்குள் நாம் இன்னும் இடமே கொடுக்கவில்லை. பிழைச் செய்திக்கு எழுத்துத்தமிழ் போதும். கிண்டலுக்குப் போதாது.

மூன்றாவது கவ்சே. டோனி மன்ரோ பெர்ல் மொழியில் எழுதியது. நீங்கள் கொடுக்கும் வரியை ஒரு பலூனுக்குள் போட்டு, கீழே ஒரு பசுவை நிறுத்தும். எந்த மொழியில் கொடுத்தாலும் பசு பேசும். சிக்கல் பலூனில்தான். வரியின் நீளத்தை எண்ணி, அந்த அளவுக்கு மேலும் கீழும் கோடு போட வேண்டும். எதை எண்ணுவது?

ஆங்கில 'ஹலோ'வில் எழுத்து 5, யூனிகோடு குறியீடு 5, பைட் 5. எதை எண்ணினாலும் கோடு சரியாக வரும். 'வணக்கம்' என்பதிலும் நம் கண்ணுக்கு 5 எழுத்துதான். ஆனால் புள்ளி தனிக் குறியீடு என்பதால் யூனிகோடில் 7. யூடிஎஃப்-8ல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் என்பதால் மொத்தம் 21. பைட்டை எண்ணும் நிரல், ஐந்து எழுத்து வணக்கத்துக்கு 21 எழுத்து நீளத்தில் பலூன் கட்டிவிடும். ஜப்பானிய காஞ்சிக்கு வேறு தொல்லை: ஒவ்வொரு எழுத்தும் முனையத்தில் இரண்டு கட்டம் பிடிக்கும். அதனால் எழுத்தைச் சரியாக எண்ணினாலும் பலூன் குட்டையாகிவிடும்.

எஸ்எல்லில் பண்பாடு, ஆப்டிட்யூடில் பேச்சு நடை, கவ்சேயில் எழுத்தின் அளவு. இந்த மூன்றும் வங்கிச் செயலிக்கும் உள்ள சிக்கல்கள்தான். அங்கே பெயர் பாதியில் வெட்டுப்பட்டாலும், வாக்கியம் மரத்துப்போயிருந்தாலும், எப்படியோ புரிந்துகொண்டு வேலையை முடித்துவிடுவோம், புகார் செய்ய மாட்டோம். குறும்பு நிரலில் அது நடக்காது. சிரிப்பு வரவில்லை என்றால் மொழியாக்கம் தோற்றுவிட்டது, அவ்வளவுதான்.

தமிழாக்க வேலையில் இருக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொழிபெயர்ப்புக் கோப்பில் இந்த மாதிரி வரி கண்ணில் பட்டால், முக்கியமில்லை என்று தாண்டிப் போகாதீங்க. நீங்க வீட்டில் எப்படிச் சலித்துக்கொள்வீங்களோ, அப்படியே எழுதிப் பாருங்க.