தைத்தால் மட்டும் போதுமா?

ஒரு சின்ன சோதனை. இடது கையால் உங்கள் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு, வலது விரல்களை மடக்கி மடக்கி நீட்டுங்கள். உள்ளே ஏதோ புரள்கிறது, இல்லையா? விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில்தான் குடியிருக்கின்றன! அங்கிருந்து கயிறு மாதிரி நீண்டுவரும் தசைநாண்கள், பொம்மலாட்டம்போல விரலை இழுக்கின்றன. நான்கு விரல்களுக்கும் தலா இரண்டு கயிறு. கட்டைவிரலுக்கு ஒன்றே ஒன்று!

தென்காசி பக்கம் வடகரையில் மாட்டுக்குப் புல் அறுக்கிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். வலது கையில் அரிவாள், இடது கையில் புல். கொஞ்சம் சறுக்கினால் இடது விரலில் வெட்டு. தோலைத் தைத்துக் கட்டுப் போட்டால் புண் ஆறிவிடும். ஆனால், விரல் மடங்காது. 'நரம்பு அறுந்துபோச்சு, இனி அவ்வளவுதான்' என்பார்கள். பல சமயம் அறுந்தது நரம்பு அல்ல, நாண்!

இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமல்ல. 2-ம் நூற்றாண்டில் ரோமாபுரியில் கொடிகட்டிப் பறந்த மருத்துவர் கேலனுக்கும் இருந்தது. நாணில் ஊசி பட்டால் வலிப்பு வரும் என்று பயந்தார் மனிதர். அவர் பேச்சுக்கு ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் மறுபேச்சு இல்லை!

20-ம் நூற்றாண்டில் வேறு சிக்கல். உள்ளங்கையின் மேல்ரேகையிலிருந்து விரலின் நடுமூட்டு வரை இரண்டு கயிறுகளும் ஒரே குறுகலான உறைக்குள் ஓடுகின்றன. அங்கே தைத்தால், ஆறும்போது நாண் உறையோடு ஒட்டிக்கொள்ளும். அமெரிக்க நிபுணர் ஸ்டெர்லிங் பன்னல் அந்த இடத்துக்கு வைத்த பெயர், 'ஆளில்லா நிலம்'. இரண்டு படைகளுக்கு நடுவே யாரும் கால்வைக்கத் துணியாத பூமி! தோலை மட்டும் மூடு, பிறகு வேறு நாணை எடுத்து ஒட்டுப்போடு என்பதுதான் அன்றைய வழி.

இதற்கிடையே நம் வேலூரில் ஒரு புரட்சி. கொல்லிமலையில் 1914-ல் பிறந்த ஆங்கிலேயர் டாக்டர் பால் பிராண்ட், செங்கல்பட்டில் ஒரு தொழுநோயாளியின் முடங்கிய கையைக் குலுக்கினார். அந்தப் பிடியின் பலம் அவரைத் திடுக்கிட வைத்தது. அப்படியானால் முன்கைத் தசைகள் சாகவில்லையே! விரலுக்கு இரண்டு கயிறு இருக்கிறதே, ஒன்றைக் கடன் வாங்கினால் என்ன? 1940-களின் இறுதியில் சி.எம்.சி. மருத்துவமனையில் நாண்களை வழிமாற்றித் தைத்தார். பிறகு பயிற்சி கொடுத்தார். முடங்கிய கைகள் தச்சு வேலை பார்த்தன.

'ஆளில்லா நிலத்தின்' மர்மமும் பயிற்சியில்தான் உடைந்தது. வெட்டிய நாணை உடனே தைத்து, ரப்பர் பேண்ட் மாட்டி, சீக்கிரமே அசைய விட்டார் அமெரிக்காவின் ஹெரால்ட் கிளைனெர்ட். விரலை நீட்டுவது நோயாளி. மடக்குவது ரப்பர் பேண்ட். தையலுக்குச் சிரமமில்லை, நாண் ஒட்டிக்கொள்ளவும் நேரமில்லை! 1967-ல் அவர் இதை அறிவித்தபோது சக நிபுணர்கள் பலர் நம்பவே இல்லை.

1970-களில் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில், கைக்கென்றே தனிப் பிரிவை வளர்த்தெடுத்தார் டாக்டர் ஆர்.வெங்கடசாமி. அரசு மருத்துவமனை என்பதால், கூலித் தொழிலாளியின் விரலுக்கும் அங்கே இடம் கிடைத்தது.

ஆகவே, விரலில் வெட்டுப்பட்டால் ஒவ்வொரு மூட்டும் மடங்குகிறதா என்று பாருங்கள். மடங்கவில்லையா? தோல் தையலோடு திரும்பிவிடாதீர்கள். தாமதிக்காமல் கை அறுவை நிபுணரைத் தேடுங்கள். நாணைத் தைத்த பிறகு, சொன்ன அளவுக்குப் பயிற்சி செய்யுங்கள். அதிகம் இழுத்தால் தையல் விடும், அசைக்காமலே இருந்தால் ஒட்டும்.

தைப்பது டாக்டர் வேலை. ஓட வைப்பது உங்கள் வேலை!