இந்தியத் தொலைத்தொடர்புத் தரநிலை மேம்பாட்டுச் சங்கம்

கைபேசி உள்ளிட்ட தொலைத்தொடர்பு நுட்பங்களுக்கு இந்தியாவில் தரநிலை வகுக்கும் அமைப்பு; டி.எஸ்.டி.எஸ்.ஐ. என்பது சுருக்கப் பெயர். 2013–14 காலகட்டத்தில் மத்திய அரசின் ஆதரவுடன் உருவானது. சேவை நிறுவனங்கள், கருவி உற்பத்தியாளர்கள், ஐ.ஐ.டி.கள், ஆய்வு மையங்கள் ஆகியவை இதன் உறுப்பினர்கள். கைபேசிக்கான உலகப் பொதுத் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி கூட்டமைப்பில் 2015 முதல் ஏழாவது பங்காளி. அரசின் டி.இ.சி.யோடும் சேவை நிறுவனங்களின் சி.ஓ.ஏ.ஐ.யோடும் இதைக் குழப்பிக்கொள்வோர் உண்டு.

தரநிலை எழுதும் மேசையில் இடமில்லாதவரின் ஊர் கணக்கில் வராது. திருவண்ணாமலை மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பௌர்ணமியன்று 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். அதே மாவட்டத்தில் ஊருக்கும் ஊருக்கும் இடையே வயல்வெளி விரிந்து கிடக்கிறது, ஜவ்வாது மலையிலோ குக்கிராமங்கள் சிதறிக் கிடக்கின்றன. நெரிசலுக்கான தீர்வைப் பணக்கார நாடுகளே தேடிக்கொள்ளும். அங்கும் விளையாட்டரங்குகள் உண்டு. சிதறிய ஊர்களுக்கு யார் தேடுவார்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 5ஜி நுட்பங்களைச் சோதிக்க வகுத்த கிராமப்புறக் கணக்கு, கோபுரங்கள் 1,732 மீட்டர் இடைவெளியில் நிற்பதாகக் கொண்டது. ஊராட்சி வரை கண்ணாடி இழை, அங்கே ஒரு கோபுரம், சுற்றிலும் குக்கிராமங்கள் என்ற நம் நிலைமையை இந்தியத் தரப்பு எடுத்துவைத்தது. 2017-இல் 6 கிலோமீட்டர் இடைவெளிக்கான சோதனையும் சேர்ந்தது. இதில் சிக்கல் எதிர்த்திசையில்தான்: கோபுரத்தின் அலை கைபேசியை எட்டிவிடும், கைபேசியின் மெல்லிய அலை கோபுரத்தை எட்டாது. கைபேசியின் பெருக்கியை முழு வலுவோடு இயக்கவிடும் அலைவடிவத்தை ஐ.ஐ.டி. ஹைதராபாத், ஐ.ஐ.டி. மெட்ராஸ், சென்னைத் தரமணியின் செவிட் ஆய்வு மையம் ஆகியவை முன்வைத்தன. அதைக் கொண்ட, சங்கத்தின் 5ஜிஐ தரநிலையைச் சர்வதேச ஒன்றியம் 2021 பிப்ரவரியில் ஏற்றது.

தனித் தரநிலை என்றால் தனி சிப், தனிக் கருவி, கூடுதல் செலவு என்று சேவை நிறுவனங்கள் எதிர்த்தன. எதிர்ப்பு நியாயமானதே. திருவண்ணாமலையின் கார்த்திகைத் தீபத்துக்கு ஆந்திரத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருபவரின் கைபேசி மலையடிவாரத்தில் வேலை செய்வது தரநிலை ஒன்றாக இருப்பதால்தான். 2021 டிசம்பரில் 5ஜிஐயின் அம்சங்களை 3ஜிபிபியின் 17-ஆம் வெளியீட்டில் கலக்க உடன்பாடு ஏற்பட்டது. இதைத் தோல்வி என்போர் சீனாவைப் பார்க்கலாம். 2000-இல் ஒப்புதல் பெற்ற டி.டி.-எஸ்.சி.டி.எம்.ஏ. என்ற சீனத் தனித் தரநிலையைச் சீனா மொபைல் நிறுவனம் 2009-இல்தான் மக்களிடம் கொண்டுசென்றது. அவ்வளவு பெரிய சந்தை இருந்தும் 4ஜியில் சீனா பொதுத் தரநிலைக்குள் வந்து சேர்ந்தது. தேவையைப் பொதுத் தரநிலைக்குள் ஏற்றிவிடுவதே ஒரு தேசிய அமைப்புக்கு லாபமான வழி. இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு: தரநிலையில் ஏறிய விருப்ப அம்சத்தை சிப் செய்பவர் விட்டுவிடலாம். உண்மைதான். சேவை நிறுவனங்கள் கேட்டு வாங்கினால்தான் அது கைபேசிக்கு வரும். கேட்க வேண்டியவர்கள் இதே சங்கத்தின் உறுப்பினர்கள்.