மினி காரின் ஓட்டக் குறைகளும் அவற்றைக் கண்டறியும் முறையும்

மினி என்பது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன் 1959 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தி, உரிமை பல நிறுவனங்களுக்குக் கைமாறியபோதும் 2000 அக்டோபர் வரை இங்கிலாந்தில் தொடர்ந்து உற்பத்தி செய்யப்பட்ட சிறிய கார் ஆகும். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டே கார்லோ ராலியில் வென்றது; வளைவுகளில் தரையை விட்டு விலகாமல் விரைந்து திரும்பும் ஆற்றலே அதன் புகழுக்கு முதன்மைக் காரணம். இன்று பழமைக் காராகப் பேணப்படும் மினிகளில் பல, நேர்ச்சாலையில் அலைகின்றன, பிரேக் பிடித்தால் ஒரு பக்கம் இழுக்கின்றன, வளைவில் ஓட்டுநர் நினைத்த கோட்டில் செல்வதில்லை. இக்குறைகள் வடிவமைப்பில் பிறந்தவை அல்ல. ரப்பர் தளர்ந்து, மூட்டுகள் தேய்ந்து, எஃகு துருப்பிடித்ததால் நேர்பவை. ஆதலால் அவற்றை ஒழுங்கான வரிசையில் ஆராய்ந்தால் காரணத்தைக் கண்டுபிடிக்க இயலும்.

அடிப்படை அமைப்பு

ஏறத்தாழ 3.05 மீட்டர் நீளமுள்ள மினியில் எஞ்சின் முன்புறத்தில் குறுக்காக அமைந்து முன்சக்கரங்களை இயக்குகிறது. சக்கரங்கள் காரின் நான்கு மூலைகளிலும் நிறுத்தப்பட்டிருப்பதால், அதன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது சுமார் 2.03 மீட்டர், முன்பின் அச்சுகளுக்கு இடைப்பட்ட தூரமாகும். சஸ்பென்ஷனில் எஃகுச் சுருள்வில்லுக்குப் பதிலாக, அலெக்ஸ் மோல்டன் உருவாக்கிய கூம்பு வடிவ ரப்பர் வில் இடம்பெற்றது. முன், பின் சஸ்பென்ஷன் பாகங்கள் நேரே உடற்கூட்டில் பொருத்தப்படாமல், சப்ஃபிரேம் எனப்படும் இரு தனி எஃகுச் சட்டங்களில் தாங்கப்படுகின்றன. சக்கரத்தின் சிறு அசைவும் ஓட்டுநரின் கைக்கு உடனே எட்டும் இவ்வமைப்பில், ஒரு மூட்டில் தோன்றும் சிறிய ஆட்டமும் சாலையில் பெரிதாக உணரப்படும்.

முன்சக்கர இயக்கமுடைய கார் என்பதால், ஆக்ஸிலரேட்டரை அழுத்தியபடி வளைவில் செல்லும்போது மினி சற்று வெளிப்புறமாக விலகிச் செல்வதும், காலை எடுத்தவுடன் முன்பகுதி உட்புறம் திரும்புவதும் இயல்பே. முன்னதை அண்டர்ஸ்டியர் என்பர். பின்பகுதி வெளியே சறுக்கித் தேவைக்கு மேல் திரும்புவது ஓவர்ஸ்டியர் எனப்படும். இவ்வியல்புகள் இடப்பக்க, வலப்பக்க வளைவுகளில் வேறுபட்டாலோ, முன்னறிவிப்பின்றித் திடீரெனத் தோன்றினாலோ அவற்றைப் பழுதின் அறிகுறியாகக் கொள்ள வேண்டும்.

டயர்

ஆய்வு டயரிலிருந்தே தொடங்க வேண்டும். பழமைக் கார்கள் ஆண்டுக்குச் சிறிது தூரமே ஓடுவதால் டயரின் தேய்மானப் பள்ளங்கள் ஆழமாக இருக்கும்போதே ரப்பர் கெட்டிப்பட்டுப் பிடிப்பை இழந்துவிடுகிறது. 2000க்குப் பின் தயாரான டயர்களின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்க எண் உற்பத்தி வாரத்தையும் ஆண்டையும் காட்டும். 2318 என்பது 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தைக் குறிக்கும். கார் ஒரு பக்கம் இழுக்குமானால், திசைக்குறி இல்லாத முன் டயர்கள் இரண்டையும் இடவலமாக மாற்றிப் பார்க்கலாம். இழுப்பின் திசையும் மாறினால் குறை டயரில் உள்ளது, மாறாவிடில் வேறிடத்தில் உள்ளது. காற்றழுத்தத்தைச் சரிபார்ப்பதும், ஒரு சக்கரத்தின் பிரேக் விடாமல் உரசுகிறதா என்று பார்ப்பதும் இக்கட்டத்திலேயே முடிய வேண்டும்.

முன்பக்க மூட்டுகளும் ஸ்டியரிங்கும்

காரை ஜாக்கியால் உயர்த்தித் தாங்குகால்களில் நிறுத்தியபின், முன்சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் தென்பட்டால், மற்றொருவர் பிரேக்கை அழுத்தியிருக்க, மீண்டும் அசைத்துப் பார்க்க வேண்டும். அப்போது ஆட்டம் மறைந்தால் சக்கர பேரிங் தேய்ந்துள்ளது. நீடித்தால் சக்கரத் தாங்கியை மேலும் கீழும் பிடித்திருக்கும் பால் ஜாயிண்ட்டுகளில் குறை உள்ளது. இந்த ஜாயிண்ட்டுகளின் இறுக்கம் ஷிம் எனப்படும் மெல்லிய தகடுகளால் சரிசெய்யப்படுகிறது. தகட்டின் கனம் மிகுந்தால் ஆட்டம் எஞ்சும். குறைந்தால் மூட்டு இறுகி, வளைவு முடிந்தபின் ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது. அண்மையில் பழுதுபார்க்கப்பட்ட காரில் இத்தகைய மந்தம் தோன்றினால் முதலில் இந்த இறுக்கத்தையே ஐயுற வேண்டும்.

சக்கரத்தை இடவலமாகப் பிடித்து அசைக்கும்போது தோன்றும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங் ராக்கையோ அதன் முனை மூட்டுகளையோ சுட்டும். ராக் காரின் தரைத்தகட்டில் இரண்டு யூ வடிவப் போல்ட்டுகளால் பிடிக்கப்பட்டுள்ளது. அவை தளர்ந்தால் ராக் முழுவதுமே பக்கவாட்டில் நகர்வதால், ஸ்டியரிங்கைத் திருப்பத் தொடங்கும்போது சிறிது நேரம் எவ்விளைவும் இராது.

சக்கரத் தாங்கியின் அடியைப் பிடிக்கும் சஸ்பென்ஷனின் கீழ்க் கையிலிருந்து சப்ஃபிரேமின் முன்பகுதிக்குச் செல்லும் டை ராட், சக்கரம் முன்பின்னாக நகராமல் தடுக்கிறது. அதன் முனையிலுள்ள ரப்பர் புஷ்கள் நைந்துபோனால், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பின்னோக்கித் தள்ளப்பட்டுக் கார் ஒரு பக்கம் பாயும். ஒருவர் காரை மெல்ல உருட்டிப் பிரேக் போட, மற்றொருவர் சக்கரத்துக்கும் மட்கார்டின் விளிம்புக்கும் இடையிலான இடைவெளியைக் கவனித்தால் இந்நகர்வு கண்ணுக்கே புலப்படும்.

ரப்பர் வில்லும் காரின் உயரமும்

ரப்பர் கூம்புகள் ஆண்டுகள் செல்லச்செல்ல அமுங்கி உயரம் குறைகின்றன. சமதரையில் காரை நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் மையத்துக்கும் மட்கார்டு விளிம்புக்கும் உள்ள உயரத்தை அளந்து இடவலமாக ஒப்பிட வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்திருப்பின் அப்பக்கக் கூம்பையும், அதை அழுத்தும் தண்டின் முனையிலுள்ள குமிழ் மூட்டையும் ஆராய வேண்டும். 1964 முதல் சில ஆண்டுகள் சலூன் வகைகளில் பயன்பட்ட ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷனில், ஒரே பக்கத்தின் முன்பின் சக்கரங்கள் திரவக் குழாயால் இணைக்கப்பட்டிருந்தமையால், கசிவு ஏற்பட்டால் அப்பக்கம் முழுவதும் தாழும்.

பின்பக்கம்

பின்சக்கரங்கள் ரேடியஸ் ஆர்ம் எனப்படும் பின்னோக்கி நீளும் கைகளில் பொருத்தப்பட்டுள்ளன. இவற்றின் சுழல்தண்டுக்கு உரிய காலத்தில் கிரீஸ் செலுத்தப்படாவிடில் தண்டும் பேரிங்கும் தேய்ந்து, சக்கரத்தின் மேற்பகுதி உட்புறம் சாய்கிறது. அந்நிலையில் பின்சக்கரம் வளைவில் தானே சிறிது திசைமாறுவதால், கார் பின்னாலிருந்து திருப்பப்படுவது போன்ற உணர்வு ஓட்டுநருக்கு உண்டாகும். முன்சக்கரத்தில் பிழை தேடித் தோற்போர் பலரும் தவறவிடும் இடம் இதுவே.

இதனினும் கடுமையானது பின் சப்ஃபிரேமின் துரு. பிரிட்டனில் குளிர்காலத்தில் சாலையில் தூவப்படும் உப்பு, இச்சட்டத்தின் மூடிய அறைகளில் சேற்றோடு தங்கி எஃகை உள்ளிருந்தே அரிக்கிறது. வெளியே பெயின்ட் நன்றாகத் தோன்றினாலும், திருப்புளி முனையால் அழுத்திப் பார்த்தால் அரிப்பு வெளிப்படும். துருவால் வலுவிழந்த சட்டத்தை வைத்துக்கொண்டு காரைச் சாலையில் ஓட்டலாகாது.

சக்கரக் கோணங்கள்

கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சக்கரம் செங்குத்திலிருந்து சாயும் கோணம். காஸ்டர் என்பது சக்கரம் திரும்பும் அச்சு, பக்கவாட்டில் பார்க்கும்போது பின்னோக்கிச் சாயும் கோணம். டோ என்பது இரு சக்கரங்களின் முன்முனைகள் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ நிற்கும் அளவு. வழக்கமான மினியில் முன் கேம்பர் சுமார் 2 பாகை வெளிச்சாய்வு, காஸ்டர் 3 பாகை, முன் டோ 1.6 மி.மீ. விலகல், பின் டோ 3.2 மி.மீ. குவிவு ஆகும். எஞ்சினின் இழுவிசை முன்சக்கரங்களை உட்புறம் திருப்ப முயல்வதால் முன்புறத்தில் விலகல் வைக்கப்பட்டுள்ளது.

தொழிற்சாலை அமைப்பில் இவற்றுள் முன் டோ ஒன்றுக்கே சரிசெய்யும் வழி உண்டு. எனவே மற்றக் கோணங்கள் மாறியிருப்பின் ஏதோ ஒரு பாகம் தேய்ந்தோ, வளைந்தோ, அரிக்கப்பட்டோ உள்ளது என்பதே பொருள். சரிசெய்யத்தக்க கைகளைப் பொருத்திக் கோணத்தை மட்டும் மீட்பது பழுதை மறைக்குமே தவிர நீக்காது. உயரம் குறைக்கப்பட்ட கார்களிலும் அகன்ற சக்கரங்கள் பூட்டப்பட்டவற்றிலும், தொழிற்சாலை அளவுகளுக்குக் காரைத் திருப்பிய பின்னரே குறையை மதிப்பிட வேண்டும். டயர், மூட்டுகள், உயரம், சப்ஃபிரேம் ஆகியவற்றின் நலம் உறுதியான பிறகு, இறுதிப் பணியாகவே வீல் அலைன்மென்ட் செய்யப்பட வேண்டும்.