பூச்சிக்கொல்லிகளும் மூளைச் செல் சவ்வும்

பூச்சிக்கொல்லிகளில் பெரும்பாலானவை நரம்பு நஞ்சுகள். நரம்புச் செல்லைச் சூழ்ந்துள்ள சவ்வு, கொழுப்பு மூலக்கூறுகளாலான ஈரடுக்கு. அதில் பதிந்துள்ள புரதங்களே அயனிகளை உள்ளும் புறமும் கடத்துகின்றன. இந்த அடிப்படை அமைப்பு பூச்சிக்கும் பாலூட்டிக்கும் பொது. அதனால்தான் எலி, சுண்டெலி போன்ற ஆய்வக விலங்குகளின் மூளையிலும் இந்நஞ்சுகளின் விளைவு ஆராயப்படுகிறது.

தொடக்கம்

டி.டி.டி.யின் பூச்சிக்கொல்லும் திறனை சுவிட்சர்லாந்தின் பால் முல்லர் 1939இல் கண்டறிந்து, 1948இல் நோபல் பரிசு பெற்றார். அது எவ்வாறு கொல்கிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. கணவாயின் பெரிய நரம்பிழையை ஆராய்ந்த ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் நரம்புத் துடிப்பின் அயனி விளக்கத்தை வெளியிட்டனர். ஆய்வாளர் தோஷியோ நராஹாஷி அவ்வழியைப் பின்பற்றி, முதலில் கரப்பான்பூச்சியிலும் பின்னர் சிங்க இறால், கணவாய் ஆகியவற்றிலும் ஆய்வு செய்தார். டி.டி.டி.யும், கொசுவர்த்திச் சுருள்களில் சேர்க்கப்படும் அல்லெத்ரினும், சவ்வுப் புரதங்களான சோடியம் கால்வாய்களை உரிய நேரத்தில் மூடவிடுவதில்லை என்பது புலனாயிற்று. ஒரு தூண்டலுக்கே நரம்பு திரும்பத் திரும்பத் துடிக்கிறது, உடல் நடுங்குகிறது.

எலி மூளையில்

எலி மூளையின் நரம்பு முனைகளில் ஏ.டி.பி. மூலக்கூறைச் சிதைக்கும் சவ்வுசார்ந்த ஏ.டி.பி.ஏஸ் நொதியை டி.டி.டி. தடுப்பதாக மட்சுமுராவும் பாட்டீலும் 1969இல் அறிவித்தனர். அல்லெத்ரின் அடங்கிய வகையான பைரித்திராய்டுகள் எலிகளில் இருவகை நோய்க்குறிகளை உண்டாக்குவதை வெர்ஷாயிலும் ஆல்ட்ரிட்ஜும் 1980இல் வகைப்படுத்தினர்: ஒன்றில் நடுக்கம், மற்றதில் உமிழ்நீர்ப் பெருக்கும் உடல் முறுக்கமும். சோடியம் கால்வாய்களில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவை பாதிக்கப்பட்டாலே நரம்பு மிகையாகத் துடிக்கும் என நராஹாஷி குழு பின்னர் காட்டியது. லிண்டேன், டைல்ட்ரின், எண்டோசல்ஃபான் ஆகிய பூச்சிக்கொல்லிகள், நரம்புத் துடிப்பை அடக்கும் காபா ஏற்பியின் குளோரைடு கால்வாயை அடைத்து வலிப்பை வரவழைப்பது 1980களில் உறுதியாயிற்று.

கொழுப்படுக்கு

புரதங்களோடு கொழுப்படுக்கும் பாதிக்கப்படுகிறது. கொழுப்பில் எளிதில் கரையும் டி.டி.டி., லிண்டேன் போன்றவை ஈரடுக்கினுள் புகுந்து அதன் நெகிழ்ச்சியை மாற்றுகின்றன. மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே. ஆனால் ஓய்வில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் சுமார் 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. அதன் சவ்வில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் நிறைவுறாக் கொழுப்பமிலங்களும் மிகுதி. பூச்சிக்கொல்லி ஊட்டிய எலிகளின் மூளையில் மாலோன்டையால்டிஹைடு கூடுவது, இக்கொழுப்பு சிதைவதன் அடையாளமாகக் கொள்ளப்படுகிறது.

இளம் மூளை

சுவீடனின் உப்சாலாவில் பெர் எரிக்சன் குழு, பிறந்து பத்து நாளான சுண்டெலிகளுக்குக் குறைந்த அளவில் பயோஅல்லெத்ரின் கொடுத்தது. வளர்ந்த பின்னும் அவற்றின் நடத்தையிலும் மூளையின் மஸ்கரினிக் (அசிட்டைல்கோலின்) ஏற்பிகளிலும் மாற்றம் காணப்பட்டதாக 1990களில் அக்குழு அறிவித்தது.

மதிப்பீடு

பாலூட்டிகளின் சோடியம் கால்வாய்கள் பூச்சிகளுடையவற்றைவிடப் பைரித்திராய்டுகளுக்குக் குறைவாகவே வசப்படுகின்றன. கல்லீரலும் அவற்றை விரைந்து சிதைக்கிறது. ஆய்வகத்தில் தரப்படும் அளவு பெரும்பாலும் அன்றாட வெளிப்பாட்டை விட அதிகம். எனவே எலியில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. ஆயினும் இது அளவில் உள்ள வேறுபாடே. நஞ்சு தாக்கும் இடம் எலியிலும் மனிதரிலும் ஒன்றே. முதிர்ந்த விலங்கில் மட்டும் செய்த சோதனை, வளரும் மூளைக்குப் பாதுகாப்புச் சான்றாகாது. வளர்ச்சிக்கால நரம்பு நச்சுத்தன்மையைச் சோதிப்பதற்கென பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு (ஓ.இ.சி.டி.) 2007இல் தனி வழிகாட்டியை ஏற்றது.