பெயர் கேட்கப்படாத நாதம்: ஷேக் சின்ன மௌலானா (1924–1999)

கல்வராயன் மலையடிவாரத்துக் கள்ளக்குறிச்சியாயினும் காவிரிக் கரையூராயினும், மங்கல நிகழ்ச்சி நாகசுவர ஒலியோடுதான் தொடங்கும். மேளக்காரர் வராத திருமண மண்டபங்களில் அக்கடமையை ஒலிநாடாக்கள் நிறைவேற்றின. உறவினர் ஒருவரையொருவர் நலம் விசாரிப்பர், பிள்ளைகள் ஓடியாடுவர், பந்தியில் இலை விழும். வாசிப்பவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. அவ்வாறு பெயர் கேட்கப்படாமலே தமிழர் இல்லங்களில் ஒலித்த நாதங்களுள் ஒன்று, ஷேக் சின்ன மௌலானா என்னும் இஸ்லாமியருடையது.

அன்னார் பிறந்தது ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தைச் சேர்ந்த கரவடி என்னும் சிற்றூர், ஆண்டு 1924. நாகசுவரமே அக்குடும்பத்தின் தலைமுறைத் தொழில். ஆந்திரத்தில் முஸ்லிம் குடும்பங்கள் பல இக்கலையைப் பரம்பரையாகப் போற்றி வந்துள்ளன. சிலகலூரிப்பேட்டை ஆதம் சாகிபு அம்மரபின் புகழ்பெற்ற ஆசான். சின்ன மௌலானா அவரிடமும் பயின்றார்.

பரம்பரைப் பயிற்சியோடு அவர் நிறைவடைந்திருக்கலாம். ஆனால் டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) வாசிப்பு அவரை ஆட்கொண்டது. உயர்ந்த சுருதியுடைய திமிரி நாயனத்தின் இடத்தில், நீளமும் தாழ்ந்த சுருதியும் கொண்ட பாரி நாயனத்தை நிலைநாட்டியவர் ராஜரத்தினம். ஒரே இராகத்தை மணிக்கணக்கில் விரித்துரைக்கும் அவருடைய ஆலாபனை, கேட்டவர் வாழ்நாள் முழுதும் மறவாதது. சிலருக்குக் கச்சேரி ஓர் இரவின் இன்பம். வேறு சிலருக்கு அது வாழ்க்கையின் திசையையே மாற்றும் அழைப்பு. சின்ன மௌலானா இரண்டாம் வகையினர். தஞ்சைப் பாணியை முறையாகக் கற்க விழைந்து தமிழகம் வந்தார். நாச்சியார்கோவில் இராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் மாணவரானார். பின்னர்த் திருவரங்கத்திலேயே குடியமர்ந்தார். தம் பெயரோடு, அரங்கநாதர் கோயிலிலும் வாசித்தார்.

இவ்விடத்தில் நம் வாசகர் உள்ளத்தில் எழும் வினாவைத் தவிர்த்துச் செல்வது நேர்மையன்று. இசை பற்றி நம் அறிஞரிடையே கருத்து வேறுபாடு பழையது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) தம் இஹ்யாவில் ஸமாவுக்கென ஒரு தனி நூற்பகுதியையே ஒதுக்கினார். இனிய ஓசை தன்னளவில் விலக்கப்பட்டதன்று என நிறுவிய அவரே, நரம்புக் கருவிகளையும் சில குழற்கருவிகளையும் விலக்கினார். மதுவருந்துவோர் அவையோடு அவற்றுக்கிருந்த தொடர்பையே காரணமாகக் கூறினார். நாகசுவரமும் ஊதுகருவியே. ஆகவே கஸ்ஸாலியை எளிதாக நம் பக்கம் இழுத்துக்கொள்ள இயலாது. எனினும் கருவியை மட்டும் நோக்காமல், அது எந்த அவையில், எந்த நோக்கில் ஒலிக்கிறது என்றும் ஆராயும் வழியை அவரிடம் கற்கலாம். நாகூர் தர்காவில் நாகசுவரம் முழங்கும் வழக்கம் இருப்பதையும் இங்கு எண்ணிப் பார்த்தல் தகும். வழக்கம் மட்டுமே சட்டமாகிவிடாது; ஆயினும் அது வரலாறு. வரலாற்றை மறைப்பதால் எந்தச் சட்டமும் தெளிவு பெறுவதில்லை.

வடக்கே ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் (1916–2006) காசி விசுவநாதர் ஆலயத்தில் வாசித்ததை நாடறியும். 2001இல் அவருக்குப் பாரத ரத்னா விருதும் கிடைத்தது. தெற்கே நிகழ்ந்த இவ்வரலாற்றைத் தமிழ் முஸ்லிம்களாகிய நாமே போதிய அளவு பேசியதில்லை.

நாகசுவரத்துக்கு இன்னொரு குறையும் உண்டு. சபைகளில் அது பெரும்பாலும் தொடக்கத்துக்குரிய கருவி. அவை நிரம்பும்போது வாசித்து முடித்து எழுந்துவிட வேண்டும். அத்தகைய கருவியைக் கையில் ஏந்தியவருக்கு, 1977இல் பத்மஸ்ரீ வந்தது. 1998ஆம் ஆண்டுக்கு சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும் வந்தது. அவ்விருது பெறுபவரே அவ்வாண்டின் இசை மாநாட்டுக்குத் தலைமை ஏற்பது மரபு. வாயிலில் நின்று வரவேற்ற கருவி அவையின் தலைமை இருக்கையில் அமர்ந்த காட்சி அது. சில மாதங்களே கடந்தன. 1999 ஏப்ரலில் அன்னார் மறைந்தார்.

திருவரங்கத்தில் அவர் நிறுவிய சாரதா நாதஸ்வர சங்கீத ஆசிரமம் மாணவர்களை உருவாக்கியது. பேரர்கள் காசிமும் பாபுவும் அவர் வழியில் வாசித்தனர். அவரிடம் பயின்ற ஷேக் மகபூப் சுபானி, காலிஷாபி மகபூப் இணையருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. ஆண்களே பெரிதும் கையாண்ட இக்கருவியில் ஒரு முஸ்லிம் பெண்மணி பெற்ற அப்பெருமை, ஆசானின் நிழல் எவ்வளவு தூரம் நீண்டது என்பதற்குச் சான்று.

ஆச்சா மரத்தைக் குடைந்து, நாணற் சீவாளி பொருத்தி, மூச்சைச் செலுத்தினால் எழும் ஒலிக்குச் சமயப் பெயர் இல்லை. ஆனால் மூச்சைச் செலுத்திய மனிதருக்குப் பெயர் உண்டு. அடுத்த திருமணப் பந்தலில் அந்நாதம் ஒலிக்கையில், வாசிப்பவர் யாரென்று ஒருகணம் கேட்போமாக.